கறுப்புக் காரும் மாமனார் வேட்டியும்

காரின் கதவில் கன்னம் ஒட்டிவிடும் போலக் குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, டியூப்லைட் வெளிச்சம் பெயிண்டில் எப்படி விழுகிறது என்று பார்த்தாள் யாழினி. பிறகு ஆள்காட்டி விரலின் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெல்ல ஓட்டினாள். நகம் எங்கும் மாட்டவில்லை. மாட்டாத கீறல் பாலிஷிலேயே போய்விடும். மாட்டினால், பெயிண்டர் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவாள்.

“எதிர் வீட்டுப் பசங்க சைக்கிள்ல கீறிட்டானுங்கக்கா,” என்றான் வண்டிக்காரன் ரஞ்சித். வல்லத்துப் பையன். வண்டி வாங்கி இன்னும் வருஷம் திரும்பவில்லை.

“சைக்கிளா? சைக்கிளு கீறினா ஒரே கோடா ஓடும். இது இன்னா, ஒரே எடத்துல மேலயும் கீழயும் நறநறன்னு இருக்குது?” என்று நிமிர்ந்தாள் யாழினி. “இது பெல்ட்டு பக்கிளு. யாரோ வண்டி மேல சாஞ்சி, காலை மாத்தி மாத்திப் போட்டு போட்டோ புடிச்சிருக்காங்க. ஒசரத்தப் பார்த்தா பசங்க இல்ல. நல்லா வளந்த ஆளு.”

ரஞ்சித்தின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே சிங்கத்தலை போட்ட பக்கிள் ஒன்று உள்ளங்கை அகலத்துக்குப் பளபளத்துக்கொண்டிருந்தது. கூட வந்திருந்த அவன் அம்மா மகனைப் பார்த்தாள், பக்கிளைப் பார்த்தாள். “அடப்பாவி! அந்தப் புள்ளைங்க வூட்டாண்ட போயி அவ்ளோ சண்ட போட்டுட்டு வந்தேனேடா!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாழினி ஒன்றும் அறியாதவள் போல வாளியை எடுக்கப் போய்விட்டாள்.

இதுதான் அவளோடு ஒரு தொல்லை. கீறலை எடுத்துக் கொடுப்பதோடு நிறுத்தமாட்டாள். அது யார் போட்ட கீறல் என்று படித்தும் சொல்லிவிடுவாள். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், வீட்டுக்கு முன்னால் இருக்கும் தகரக் கொட்டகைதான் அவள் கடை. கோட்டை பார்க்க வருகிறவர்கள் புளியமர நிழல் என்று வண்டியை விட்டுவிட்டு மலையேறுவார்கள். இறங்கி வந்து பார்த்தால் முன்கண்ணாடிக்குக் கீழே சரசரவென்று கோடுகள். “எவனோ பொறாமைல கீறிட்டான்” என்று குமுறிக்கொண்டு வருவார்கள். “பொறாமையெல்லாம் இல்ல சார், கொரங்கு. மேல இருந்து சறுக்கிச் சறுக்கி வெளையாடியிருக்குது. நாலு வெரலு தெரியுது பாருங்க,” என்பாள். சாவிக்கொத்துக் கீறல், சோளத்தட்டை உரசல், கதவிடுக்கில் மாட்டிய ஜரிகை முந்தானை என்று அவள் படிக்காத எழுத்து இல்லை. நேரில் கேட்டால் மென்று விழுங்குகிற ஆட்கள்கூட அவள் கொட்டகையில் உண்மையை ஒப்புக்கொண்டு போனதுண்டு.

ஆயுத பூஜை முடிந்த வாரம் அவள் வாயைப் பிடிக்கவே முடியாது. ஊரே வண்டிக்குச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துப் படையல் போட்டிருக்கும். மறுநாள் அது காய்ந்து பொருக்காகிக் கிடக்கும். சொட்டுத் தண்ணீர் காட்டாமல் அதைச் சுரண்டி எடுப்பார்கள் மகராசன்கள். ஒருவர் பாத்திரம் தேய்க்கிற நாரைப் போட்டே தேய்த்துக் கொண்டு வந்துவிட்டார். “ஏண்ணா, இது வண்டியா, அடிப்புடிச்ச குண்டானா?” என்று யாழினி கேட்ட கேள்விக்கு அந்த மனிதர் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஆனால் வண்டியை மட்டும் அவளிடம்தான் கொண்டு வருகிறார்.

வேலையில் இறங்குமுன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றி டப்பாவில் போடுவாள். தாலிச் செயினை உள்ளே தள்ளி, துப்பட்டாவைக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொள்வாள். வண்டியில் ஊர்கிற எறும்பையும் சிலந்தியையும் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, அவை நடந்து போகிறவரை காத்திருப்பாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர். அதுவும் சும்மா இல்லை. குழாய் வாயில் இரண்டாக மடித்த கனத்த வெள்ளைத் துணியைக் கட்டி, வடிகட்டித்தான் வாளியில் பிடிப்பாள். பிடித்தபின் துணியைத் திருப்பி, வடிகட்டிய தண்ணீராலேயே அலசி, அலசிய நீரைத் தொட்டிக்கே திருப்பி ஊற்றிவிடுவாள்.

யாழினி தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பெண். தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருக்குக்கூடத் தீங்கு வரக்கூடாது என்று வடிகட்டிக் குடிக்கிற வீடு. பிறந்த வீட்டில் அப்படி, புகுந்த வீட்டிலும் அப்படியே. “காருக்கு இன்னாத்துக்குமா வடிகட்டின தண்ணி? அது இன்னா விரதமா இருக்குது?” என்று சிரிக்கிறவர்களுக்கு அவள் அந்தத் துணியைப் பிரித்துக் காட்டுவாள். போர்வெல் மணல் அதில் மைதா மாவைப்போல நைசாகப் படிந்திருக்கும். “இத்த உங்க வண்டில தேய்க்கட்டுமா?” என்று கேட்பாள்.

சென்னையில் ஒரு கார் ஷோரூமின் முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்கிற வேலையில் இருந்தவள் அவள். வணக்கம் சொன்ன நேரம் போக மீதி நேரமெல்லாம் பின்னால் பாலிஷ் போடுகிற இடத்தில் நின்று வேடிக்கை பார்த்ததில் பிடித்துக்கொண்ட பைத்தியம் இது. “கீறலை எடுக்கறோம்னு சொல்றது சும்மாண்ணா,” என்று அவளே போட்டு உடைத்துவிடுவாள். “கீறலுன்றது பள்ளம். பள்ளத்தை எப்படி எடுக்கறது? அதைச் சுத்தி மேடா இருக்குற பெயிண்டத்தான் தேய்ச்சி எறக்கறோம். ஒவ்வொரு தடவையும் மேல் பூச்சு கொஞ்சம் போயிடும். அதனால என்கிட்ட அடிக்கடி வராதீங்க.” எந்தக் கடைக்காரராவது வாடிக்கையாளரிடம் இப்படிச் சொல்வாரா? இவள் சொல்வாள்.

சொன்னபடியே ஆட்கள் அடிக்கடி வராமல் இருந்ததுதான் கஷ்டமாகப் போயிற்று. கணவன் அஜித்நாதனுக்குக் காந்தி பஜாரில் பாத்திரக்கடை. நல்ல மனிதன். சத்தம் போட்டுப் பேசமாட்டான். ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான். “தீபாவளி வரைக்கும் பாரு யாழி. அதுக்குள்ள நெறைய வேலை வந்தா சரி. இல்லன்னா கொட்டாய மூடிட்டுக் கடைக்கு வந்துடு. பேரு வெட்டற ஆளு நின்னுட்டான். உனக்குத்தான் கை நடுங்காதே.”

பாத்திரத்தில் பேர் வெட்டுவது! பளபளவென்று கண்ணாடியாக இருக்கும் புதுக் குடத்தில், கிர்ர்ரென்று மெஷினை வைத்து, ‘மாமன் சீர்’ என்று கீறிக்கொண்டு ஆயுசு பூராவும் உட்கார வேண்டும். கீறல் என்றாலே உடம்பு கூசுகிறவளைக் கீறல் போடுகிற வேலைக்குக் கூப்பிடுகிறான் புருஷன். யாழினிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

போதாததற்குச் செஞ்சியிலேயே கீறல் அதிகமான கார் ஒன்று அவள் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. கறுப்பு வண்டி. மாமனாருடையது.

மாமனார் பெயர் அப்பாண்டைராஜன். நெல் மண்டியில் ஆயுளைக் கழித்தவர். வாழ்க்கை முழுக்க மொபெட்டில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து போய்விட்டு, வியாபாரத்தை விட்டதும் ஆசை ஆசையாய் ஒரு கார் வாங்கினார். “கறுப்பு வாணாம் மாமா, தூசி அப்படியே தெரியும்,” என்று யாழினி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். “தெரியட்டுமே. தெரிஞ்சாத்தானம்மா தொடைக்க முடியும்?” என்று கேட்டார் பெரியவர். அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது அவ்வளவு ஆபத்தும்.

பொழுது நன்றாக விடிந்தபின், காலுக்கடியில் எறும்பு தெரிகிற வெளிச்சம் வந்தபின்தான் வெளியே வருவார். கையில் மயிலிறகுக் கட்டு, தோளில் பழைய வேட்டி. மயிலிறகால் வண்டியில் ஊர்கிற உயிர்களை நோகாமல் ஒதுக்கிவிடுவார். பிறகு வேட்டியைப் பந்தாகச் சுருட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி, காய்ந்த தூசியோடு சேர்த்துத் தேய்ப்பார் பாருங்கள், உள்ளே அடுப்படியில் நிற்கிற யாழினிக்குப் பல் கூசும். “ஒரு தம்ளர் தண்ணியாச்சும் தெளிச்சிக்கோங்க மாமா,” என்பாள். “வடிகட்டின தண்ணிய தெனைக்கும் தரைல ஊத்தறதாம்மா? அது போயி எத்தினி எறும்பு வளைல எறங்கும்? துணி போதும்,” என்பார். எந்த வழக்கம் மருமகள் கையில் வண்டியைக் காப்பாற்றியதோ, அதே வழக்கம் மாமனார் கையில் வண்டியைச் சாகடித்துக்கொண்டிருந்தது.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. வெயில் ஏறினால் பானட்டில் சூரியனைச் சுற்றி ஆயிரம் மெல்லிய வளையங்கள் மின்னும். சிலந்தி வலையைப்போலச் சுற்றிச் சுற்றிப் போகும் அத்தனையும் கீறல். பெரியவர் அதை மெருகு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வருகிற போகிறவர்களை நிறுத்திக் காட்டுவார். “நம்ம கோயில்ல சாமிக்குப் பின்னால ஒளிவட்டம் இருக்குதுல்ல? அதே மாதிரி இருக்குது பாருங்க. இதெல்லாம் மிஷின்ல வராது. கை வேலை!” என்பார். பக்கத்திலேயே கையில் பாலிஷ் மெஷினோடு மருமகள் நின்றுகொண்டிருப்பாள்.

ஊரார் கீறலையெல்லாம் மூஞ்சிக்கு நேரே படித்துச் சொல்கிறவளுக்கு இங்கே மட்டும் வாய் வரவில்லை. “பொம்பளப் புள்ள வண்டி தொடைக்கறதா?” என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தபோது, “அவளுக்குப் புடிச்சிருக்குது, செய்யட்டும். எடம் என்னுது,” என்று வாசலை ஒழித்துக் கொடுத்தவர் அந்த மனிதர். அவரிடம் போய், மாமா அது ஒளிவட்டம் இல்லை, கீறல் என்று எப்படிச் சொல்வது? வாடிக்கையாளர் யாராவது “இது யாரு வண்டிங்க?” என்று கேட்டால், “விக்கறதுக்கு வந்திருக்குதுங்க,” என்று கூசாமல் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

சொல்ல முடியாதே தவிர, சும்மா இருந்தாளா என்றால் அதுதான் இல்லை. மைக்ரோஃபைபர் துணி ஒன்றை, “உங்களுக்குன்னே வாங்கினேன் மாமா,” என்று நீட்டினாள். பெரியவர் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். “அடேயப்பா, கோழிக்குஞ்சு மாதிரி இருக்குது. இத்தப் போயி கார்ல தேய்ப்பாங்களா?” என்று அதில் மூக்குக்கண்ணாடியைச் சுற்றி பீரோவில் பத்திரப்படுத்திவிட்டார். காருக்கு உறை வாங்கிப் போட்டாள். தினமும் அதைத் தூசியோடு தரதரவென்று இழுத்து எடுத்துவிட்டுத் துடைத்தார், துடைத்துவிட்டுத் தரதரவென்று இழுத்துப் போட்டார். கீறல் இரண்டு பங்காயிற்று. வேட்டியையே தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு, “கை தவறி விழுந்துடுச்சி மாமா,” என்றாள். இன்னொரு வேட்டியோடு வந்தார். பீரோவின் கீழ்த்தட்டு பூராவும் பழைய வேட்டிதான். மண்டிக்காரர் சரக்கு இருப்பு இல்லாமல் இருப்பாரா?

கணவனிடம் போனாள். “நீயாச்சும் உங்க நைனாகிட்ட சொல்லேன்.”

“என்னை வுடு. தொடைக்க ஆரம்பிச்சதுலருந்து தோள்பட்ட வலியே இல்லன்னு குஷியா இருக்காரு. நீதானே ஸ்பெஷலிஸ்ட்டு, நீயே சொல்லு.”

நடுவில் அவளும் சளைக்காமல், கோயிலுக்கு அவர் போகிற நேரமாகப் பார்த்து அந்த பானட்டைத் திருட்டுத்தனமாகப் பாலிஷ் போட்டு வந்தாள். ஒளிவட்டம் மறையும். ஒரே வாரத்தில் பெரியவர் அதைத் திரும்பக் கொண்டு வந்துவிடுவார். கடைசியில் மேல் பூச்சு தேய்ந்து மெலிந்து, இன்னும் ஒரே ஒரு முறைதான் தாங்கும், அதற்கு மேல் தேய்த்தால் வெள்ளை பூத்துவிடும் என்ற நிலைக்கு வந்தது. அத்தோடு கையை எடுத்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் திண்டிவனத்திலிருந்து பச்சமுத்து போன் பண்ணினார். கல்யாணத்துக்கு வாடகைக் கார் விடுகிறவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்றே கறுப்புக் கறுப்பாக வண்டிகள் வைத்திருக்கிறார். பூமாலையும் பட்டுப்புடவையும் உரசாத வண்டி ஒன்றுகூட அதில் கிடையாது. “எல்லா வண்டியையும் வருஷம் பூரா ஒரே ஆளுகிட்ட குடுக்கலாம்னு பார்க்கறேன். நாளைக்கு வந்து உன் வேலையப் பார்க்கறேன். கீறலப் பார்த்தே ஜாதகம் சொல்லுவியாமே? அதையும் பார்ப்போம்,” என்றார். தீபாவளிக்கு அதிக நாள் இல்லை. இது கிடைத்தால் கொட்டகை நிற்கும். இல்லையென்றால் ‘மாமன் சீர்’தான்.

அன்று சாயங்காலமே கணவனைப் பிடித்தாள். “காலைல நைனா வண்டிய எடுத்துக்கினு சிங்கவரம் பக்கம் எங்கியாச்சும் போயிடு. அந்த ஆளு போற வரைக்கும் வராத.” அவனும் தலையாட்டினான்.

காலையில் யாழினி குளித்துவிட்டு வெளியே வந்தாள். தலையாட்டிய பாத்திரக்கடைக்காரர் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். கார் கொட்டகை வாசலில், மூக்கைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் சலவை வேட்டி, சலவைச் சட்டையில் மாமனார். “அவன் வண்டியக் கேட்டாம்மா, நான்தான் தரல. வர்ற ஆளு மொதல்ல நம்ம வூட்டு வண்டியத்தானே பார்ப்பான்? அதான் விடிஞ்சதுலருந்து ஒரு கை ஜாஸ்தியாவே போட்டுட்டேன்,” என்றார். நெற்றியில் வியர்வை. யாழினி வண்டியை உள்ளே தள்ளலாம் என்று நினைப்பதற்குள் பச்சமுத்து வந்து இறங்கிவிட்டார்.

பெரிய உடம்புக்காரர். மற்ற வண்டிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகக் கறுப்பு பானட்டுக்குப் போய் நின்றார். சூரியன் அதில் ஆயிரம் வளையம் போட்டுக்கொண்டிருந்தது.

“இது யாரு வண்டி?”

“நம்ம வூட்டு வண்டிதாங்க,” என்று முந்திக்கொண்டார் பெரியவர். அப்புறம் மருமகளைக் காட்டினார். “எல்லாம் இந்தப் பொண்ணு வேலைதான். நான் கையே வைக்கறது இல்ல.”

யாழினி அப்படியே நின்றுவிட்டாள். ஊருக்கெல்லாம் ‘என் கை வேலை’ என்று காட்டிக் காட்டி மகிழ்ந்த மனிதர், தன்னிடம் இருந்த ஒரே பெருமையை இவள் பிழைப்புக்காகத் தூக்கிக் கொடுக்கிறார்! கொடுத்தது பெருமையா, படுகுழியா என்று அவருக்குத் தெரியாது. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கும் தெரியவில்லை.

“இதுவாம்மா உன் வேலை?” என்றார் பச்சமுத்து. குரலில் சுரத்து இல்லை. ஆமாம் என்றால் வேலை போயிற்று. இல்லை என்றால், வெளியாள் முன்னால் மாமனார் மானம் போயிற்று. அவள் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவர் விடவில்லை. “சரி. கீறலைப் படிப்பியாமே. இத்தப் படி பார்க்கலாம். எதுல போட்ட கீறலு இது?”

“கீறலா? எங்கங்க?” என்று பெரியவர் குனிந்து தேடினார்.

யாழினி பானட்டைப் பார்த்தாள். வேட்டிக் கரையின் தடம்கூட அவளுக்குத் தெரிந்தது. எந்தத் தோளில் வலி இருந்தது, எந்தப் பக்கம் கை அழுத்திப் போயிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது.

“ஆசைல போட்டதுங்க,” என்றாள்.

“இன்னாது?”

“ஒருத்தரு தெனைக்கும் ஆசை ஆசையா தொடைச்சிருக்காரு. வேற ஒண்ணும் இல்லீங்க. ஆசை கொஞ்சம் ஜாஸ்தி, தண்ணி கொஞ்சம் கம்மி. அவ்ளோதான்.”

பச்சமுத்து பெரியவரின் தோளில் கிடந்த வேட்டியைப் பார்த்தார். பெரியவர் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார். பிறகு, மருமகள் செய்வதைத் தினமும் பார்த்திருக்கிறார் அல்லவா, அதேபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கன்னம் படுகிற மாதிரி பானட்டில் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

“அப்ப இது ஒளிவட்டம் இல்லியாம்மா?” என்று கேட்டார். யாழினி இல்லை என்று தலையை அசைத்தாள்.

மண்டியில் ஆயிரம் பேரைப் பார்த்தவர் அவர். வேட்டியை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு பச்சமுத்து பக்கம் திரும்பினார். “ஒரு விஷயம் சொல்றேங்க. மண்டில சாம்பிளு காட்டறப்ப நல்ல மணிய மட்டும் காட்டினா எவனும் நம்பமாட்டான். பக்கத்துல பதரையும் வெக்கணும். ஏம்மா, பாதிய மட்டும் தேய்ச்சிக் காட்டு இவருக்கு. இந்தப் பாதி என்னுது. இத்தத் தொடாத.”

வண்டியை நிழலுக்குத் தள்ளினார்கள். யாழினி வடிகட்டிய தண்ணீரில் பானட்டைக் கழுவி, ஒற்றி எடுத்து, நடுவில் நீளமாகக் காகித டேப்பை ஒட்டினாள். மிச்சம் வைத்திருந்த அந்த ஒரே ஒரு முறையை இப்போது எடுத்துவிட்டாள். மெஷினை அழுத்தாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஓரம் வரும்போது கையைத் தூக்கி, அவள் வேலை செய்த அழகைச் சும்மா சொல்லக்கூடாது. கரண்ட் போய்விடக் கூடாதே என்று பக்கத்தில் நின்ற பெரியவர் முணுமுணுவென்று வேண்டிக்கொண்டிருந்தார்.

வண்டியைத் திரும்ப வெயிலுக்குக் கொண்டு வந்தபோது பச்சமுத்து பானட்டின் மேல் குனிந்தார். அவள் பாதியில் அவர் மீசை மயிர் மயிராகத் தெரிந்தது. மாமனார் பாதியில் மூஞ்சி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தார்.

“திங்கக்கெழம ரெண்டு வண்டி அனுப்பறேன்,” என்றார். “அப்பறம் ஒண்ணும்மா. அந்தப் பாதிய எடுத்துடாத. எங்க டிரைவருங்கள இட்டுக்கினு வந்து காட்டணும். எத்தினி தடவ சொன்னாலும் காஞ்ச துணிலயே தொடைக்கறானுங்க, எழவு!”

பச்சமுத்துவின் கார் போன பிறகு பெரியவர் தன் பாதியைத் தடவிக்கொண்டார். “அப்ப நம்மளுதும் தொழிலுக்கு உபயோகமாத்தான் இருக்குது,” என்றார். யாழினி விழுந்து விழுந்து சிரித்தாள். பேர் வெட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அன்றைக்கே கணவனுக்குப் போன் போயிற்று.

இப்போதும் பெரியவர் விடிந்ததும் வருகிறார். மயிலிறகு, வேட்டி எல்லாம் அப்படியே. ஆனால் தன் பாதியை மட்டுமே துடைக்கிறார். டேப்பு கிட்டே கை வந்ததும், யாரோ அதட்டியதுபோல நிறுத்திக்கொள்கிறார். பச்சமுத்துவின் டிரைவர்கள் வந்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு எந்தத் துணியால் எப்படித் துடைக்கக் கூடாது என்று பெரியவரே வகுப்பு எடுக்கிறார்.

யாழினிக்குச் சும்மா இருக்க முடியுமா? அவர் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து, பழைய டேப்பை உரித்து, அந்த ஓரமாக ஒரு விரல் அகலம் பாலிஷ் போட்டு, புது டேப்பை ஒரு விரல் தள்ளி மாமனார் பக்கம் ஒட்டிவிடுவாள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தரம், ஒரு விரல். வயலில் பங்காளிகள் வரப்பை நகர்த்துகிற வேலைதான். பெரியவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

போன வாரம் அவர் கோயிலுக்குப் போனதும், டேப்பு உருளையும் கையுமாக வாசலுக்கு வந்தாள். பானட்டைப் பார்த்து நின்றாள். டேப்பு இருந்த இடத்தில் இல்லை. யாரோ அதை உரித்து, முழுசாக ஒரு சாண் தள்ளி, தன் பக்கத்தையே குறுக்கிக்கொண்டு, கோணல்மாணலாக ஒட்டி வைத்திருந்தார்கள். அந்த ஒரு சாண் அன்றைக்குத் துடைக்கப்படாமல் தூசியோடு கிடந்தது.

யாழினி தெருவைப் பார்த்தாள். யாரும் இல்லை. கோணல் டேப்பை நுனியிலிருந்து மெல்ல உரித்தாள். பழைய கோட்டுக்கே வந்து, அதிலிருந்து ஒரே ஒரு விரல் அகலம் மட்டும் பாலிஷ் போட்டு, டேப்பை அந்த அளவே அவர் பக்கம் தள்ளி, நேராக ஒட்டி, நகத்தால் நீவிவிட்டாள்.